அலுக்காத கை

என் பாட்டியாரின் பெட்டகம் ஒன்று இப்பொழுது எங்கள் வீட்டு விறாந்தையிலே இருக்கின்றது. சில்லுகளின்மீது நிற்கும் அந்தப் பெட்டகத்தின் மூடியில் ஒருவர் தாராளமாகப் படுத்துறங்கலாம். நெல்லும், பித்தளைப் பாத்திரமும், கூறைச் சேலையும், காணி உறுதிகளும் ஒரு காலத்தில் அதனுள் அடங்கியிருந்தன. வீட்டுக்கு வருபவர்கள் அதன் பொன்னிறத்தைப் புகழ்கிறார்கள். சுவரோடு ஒட்டியிருக்கும் பின்பக்கம் மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கின்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பச்சையை நான் ஏன் விட்டுவைத்தேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். சொல்லப் புகுந்தால் என் அறியாமையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. எனினும், மின்சாரக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு விடுமுறை நாளில் வீட்டுத் தச்சராகிவிடும் அன்பர்கள் என்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்காவது இது பயன்படுமாயின் என் வெட்கம் வீண்போகாது.

எங்கள் பூர்வீக இல்லம் வலிகாமம் வடக்கிலே இருந்தது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, அப்பகுதி மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். நாங்களும் வெளியேறினோம். எனக்கு அப்போது வயது பத்து. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து அந்தக் காணியை மீண்டும் கண்டபோது, அங்கே கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகள்கூட இல்லை. கிணறும் அத்திவாரமும் மாத்திரம் எஞ்சியிருந்தன. ஆனால் பாட்டியாரின் பெட்டகம் அதற்கு வெகுகாலம் முன்பே கோண்டாவிலுக்குப் போய்விட்டது. என் மாமி, அதாவது தந்தையாரின் தங்கை, திருமணமாகிச் சென்றபோது அதுவும் சீதனத்தோடு வண்டியேறிச் சென்றது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, தூக்க முடியாத அதன் பாரமே அதற்குக் காவலாயிற்று. மாமி தம் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் புறப்பட்ட வேளையில், "எங்கடை வீட்டுச் சாமான், மோனை, நீயே வைச்சிரு" என்று அதனை என்னிடம் ஒப்படைத்தார். எங்கள் பழைய வீட்டிலிருந்து எஞ்சிய பொருள் அது ஒன்றுதான்.

நான் பிறப்பதற்கு முன்பே தந்தையார் அதற்குப் பச்சை வர்ணம் பூசியிருந்தாராம். அது அக்காலத்து நாகரிகம் போலும். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வர்ணமோ வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து பொருக்குப் பொருக்காக வெடித்திருந்தது. ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே முதிரை மரம் பொன்போல் மினுங்கியது. முதிரை நம் வன்னிக் காடுகளின் செல்வம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மடகஸ்கார்த் தீவிலும் இயற்கையாக வளரும் அம்மரத்தின் வைரத்தை இழைத்தால் பட்டுத்துணியின் பளபளப்பு வரும். ஆங்கிலேயர் அதற்குச் சாட்டின் துணியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். இத்தகைய மரத்தின்மேல் இந்தப் பச்சை எதற்கு என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் பிழை இல்லை. அதை நிறைவேற்றப் புறப்பட்ட அவசரத்திலேதான் பிழை இருந்தது.

எங்கள் அயலிலே வயது முதிர்ந்த தச்சர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்திருக்கலாம். ஆனால் அவர் கையால் தேய்ப்பவர். ஒரு பெட்டகத்துக்கு மூன்று கிழமை வேண்டும் என்பார். எனக்கோ சென்ற ஆண்டு ஆகஸ்டு விடுமுறை முடிவதற்குள் வேலை முடியவேண்டும். ஆகவே பட்டினத்துக்குச் சென்று 'சாண்டர்' எனப்படும் மின்சாரத் தேய்ப்பு யந்திரம் ஒன்றை வாங்கி வந்தேன். நாங்கள் பாடசாலையில் அரத்தாள் என்றும், தச்சர்கள் சாண்ட் பேப்பர் என்றும் சொல்லும் தாளை ஒரு வட்டத் தட்டிலே ஒட்டிவிட்டால், அத்தட்டு சுழன்றுகொண்டே அதிரும். நிமிடத்துக்கு 12,000 அதிர்வு என்று அதன் பெட்டியிலே போட்டிருந்தது.

என் தலைமுறைக்கு மின்சாரத்தின்மீது உள்ள மோகத்தையும் இங்கே சொல்லவேண்டும். 1990க்குப் பின் நீண்ட காலம் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து, மண்ணெண்ணெயைத் துளித்துளியாக மிச்சம் பிடித்துப் படித்தவர்கள் நாங்கள். ஆகையால் ஆளியைத் தட்டியதும் வேலை செய்யும் எந்தப் பொருளும் எங்களுக்கு வரப்பிரசாதமாகவே தோன்றுகின்றது. வரத்திலே ஆபத்து இருக்கும் என்று எண்ணத் தோன்றுவதில்லை.

எங்கள் வளவின் தென்மேற்கு மூலையில் ஒரு கிடுகுக் கொட்டில் இருக்கிறது. அதுவே என் தொழிற்சாலை. நான் சாரத்தை மடித்துக் கட்டி, துவாயால் மூக்கைச் சுற்றிக்கொண்டு, யந்திரத்தை முடுக்கினேன். அடடா, என்ன வேகம்! இரண்டு மணித்தியாலத்தில் மூடியின் பாதி பொன்னாகிவிட்டது. யந்திரத்தின் பையிலே சேர்ந்தது போக மிகுந்த தூள் புகைபோல் எழுந்து சோளகக் காற்றிலே கலந்தது. ஆகஸ்டு மாதத்துச் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும் என்பது யாழ்ப்பாணத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். கொட்டில் தென்மேற்கிலும் வீடு வடகிழக்கிலும் இருப்பது எனக்குத் தெரியும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நினைவு மட்டும் எனக்கு வரவில்லை. யந்திரத்தின் ஓசையிலே வேறொன்றும் என் காதில் விழவுமில்லை.

என் மனைவி கொட்டிலின் வாசலுக்கு வந்து இரண்டு தரம் அழைத்திருக்கிறாள். மூன்றாந்தரம் மின்னாளியை நிறுத்தியபிறகே நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பிலே எங்கள் கடைசி மகள் இருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ரை கையை ஒருக்காப் பாருங்கோ."

குழந்தை சிரித்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுவதும் இளம்பச்சை. விறாந்தை நிலத்திலே படிந்திருந்த தூளை அளைந்து விளையாடியிருக்கிறாள். உதட்டோரத்திலும் அந்தப் பச்சை இருந்தது.

நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றிலே இரசாயனவியல் கற்பிப்பவன். ஈய உப்புக் கரைசலிலே பொற்றாசியம் அயடைட்டை ஊற்றிப் பொன்மஞ்சள் வீழ்படிவைக் காட்டும்போது, "கையை வாயிலே வைக்காதீர்கள், ஈயம் நஞ்சு" என்று வகுப்புக்கு வகுப்பு எச்சரிப்பவன். ஈய வெள்ளை பழைய எண்ணெய் வர்ணங்களிலே நிரம்பச் சேர்க்கப்பட்டது என்பதும், குரோம் பச்சை எனப்படும் நிறம் ஈயக் குரோமேற்றையும் பிரஷிய நீலத்தையும் கலந்து செய்யப்படுவது என்பதும் எனக்குப் புதிய செய்திகளல்ல. அவ்வளவும் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தன. அவை கொட்டிலுக்கு வரவில்லை. குழந்தையின் உள்ளங்கையைக் கண்ட அந்தக் கணத்திலேதான் அவை அனைத்தும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. என் கால்கள் தளர்ந்தன.

அந்தப் பச்சையில் ஈயம் இருந்ததா? தந்தையார் வாங்கிய தகரப் பேணி இன்று இல்லை. ஆனால் பழைய வர்ணமென்றால் ஈயம் உண்டென்று கொண்டே நடக்கவேண்டும் என்பதுதான் அறிந்தோர் விதி. அமெரிக்காவிலே வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 1978இல் தடுத்தார்கள். நம் நாட்டிலே வர்ணங்களில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில். அதற்கு முந்திய கதவு, யன்னல், கட்டில், தொட்டில் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை. ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. உண்ணும் ஈயத்தில் வளர்ந்தவரின் உடல் ஏற்பதைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும் என்பதும் அதன் கூற்றே. அந்த நஞ்சு தாக்குவது வளரும் மூளையை. பிள்ளைகளின் மூளையை வளர்ப்பதற்குச் சம்பளம் பெறும் ஒருவன் தன் வீட்டிலே செய்த காரியத்தைப் பாருங்கள்.

அன்று மாலையே குழந்தையை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். குழந்தையைப் பொறுமையாகப் பரிசோதித்துவிட்டு, "ஒரு நாள் அளைந்ததற்காக இடிந்துபோக வேண்டாம். தூள் வந்த வழியை அடைப்பதுதான் முதல் வைத்தியம். வீட்டை ஈரத் துணியாலே துடையுங்கள். சாப்பாட்டுக்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள உணவு கொடுங்கள். வெறும் வயிற்றோடு விடாதீர்கள்" என்றார். குழந்தை இன்றுவரை குறையில்லாமல் இருக்கிறாள். அது என் கெட்டித்தனத்தின் பலனன்று.

இரவிலே வேறொரு தண்டனை காத்திருந்தது. இரண்டு கைகளும் முழங்கைவரை சிவந்து கடித்தன. கண்ணிமைகள் வீங்கின. ஈயம் இப்படிச் செய்வதில்லையே என்று குழம்பியிருந்தேன். மறுநாட் காலையில் செய்தி கேட்டு வந்த தச்சர் என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"தம்பி, அது பெயின்ற் இல்லை, முதிரை. நல்ல மரந்தான்; ஆனா அதின்ரை தூள் சில பேரின்ரை மேலைக் கடிக்கும். என்ரை ஐயா முதிரை வேலை எண்டால் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் இருப்பார்."

அவர் சொன்னது பழைய உண்மை என்று பின்னர் வாசித்து அறிந்தேன். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிச் சென்ற முதிரையை இழைத்த பிரித்தானியத் தொழிலாளருக்கு இதே தோல் அழற்சி உண்டானதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நாட்டு வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தச்சர் கொட்டிலுக்குள் சென்று யந்திரத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு அதன்மீது வெறுப்பு இருக்கும் என்று எண்ணினேன். இல்லை. "நல்ல சாமான்" என்றார். பிறகு சொன்னார்:

"கையாலை தேய்க்கேக்கை அரை மணித்தியாலத்திலை கை உளையும். நிப்பாட்டிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிப்பம். அந்த நேரத்திலை தூள் படிஞ்சிடும்; என்ன செய்தனாங்கள் எண்டு பார்த்தும் விடுவம். உந்த மெசினுக்குக் கை உளையாது, தம்பி. அதுதான் எனக்குப் பயம்."

பட்டப்படிப்பிலும் பயிற்சிக் கலாசாலையிலும் நான் கேளாத பாடம் அது. நம் முன்னோர் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையாலே மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகேற்றினார்கள். சோழநாட்டுத் திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த தலவிருட்சம் அந்த மரமே. இலை போய் அரத்தாள் வந்த பின்னரும், தேய்ப்பது கையாகவே இருந்தது. கை நொடிக்கு ஒரு தடவை தேய்த்தால் நிமிடத்துக்கு அறுபது. யந்திரமோ 12,000, அதாவது இருநூறு மடங்கு. வேகம் இருநூறு மடங்காகும்போது தூளும் பெருகுகின்றது, பிழையும் பெருகுகின்றது. அதை நிறுத்திவைக்கும் அலுப்பு மாத்திரம் இல்லாமற் போகின்றது. நாம் குறையென்று எண்ணிய அலுப்பே நமக்குக் காவலாக இருந்தது. அலுக்காத கையை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தால், அந்த அலுப்பின் இடத்திலே ஒரு விதியை நிறுத்தியாக வேண்டும். இதுவே நான் கற்ற பாடத்தின் சாரம்.

பின்னர் நான் ஆசிரியனாக இருந்ததை விட்டு மாணவனானேன். மரத்தூளைப் பற்றி வாசித்தேன். நாம் கண்ணாலே காணும் தூள் சுவாசப்பையின் அடிவரை செல்வதில்லை. அது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்த ஒரு பங்கிலும் சிறிய தூள் இருக்கிறதே, அதுதான் சுவாசப்பையின் அடிவரை செல்வது. கண்ணுக்குத் தெரியாத அத்தூள் யந்திரம் நின்ற பின்னரும் நெடுநேரம் காற்றிலே மிதக்கும். ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி, 2023 முதல், தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் வன்மரத் தூள் இருக்கலாகாது. எட்டு மணித்தியாலச் சராசரி அது. கரும்பலகைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். மூன்று மீற்றர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள அறைக்கு மொத்தம் 54 மில்லிகிராம். ஏறக்குறைய இரண்டு மூன்று அரிசி மணிகளின் எடை! நான் அன்று காற்றிலே பறக்கவிட்டது சுண்டுக் கணக்கிலே இருக்கும்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்றொரு பட்டினம் நாற்காலிகளுக்குப் பேர்போனது. 1960களில் அப்பிரதேசத்துத் தளபாடத் தொழிலாளரிடையே மிக அபூர்வமான ஒருவகை மூக்குப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். 1968இல் அந்த ஆராய்ச்சி பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று ஐயமின்றி வகைப்படுத்தியது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் தூளிலே வாழ்ந்தவர்கள். விடுமுறைத் தச்சருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்பது உண்மையே. ஆயினும் தூளை அலட்சியம் செய்வதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

எல்லாம் கற்றபின் எங்கள் கொட்டிலுக்கு ஒரு சட்டம் வகுத்தேன். அதனைச் சுருக்கமாக இங்கே சொல்கின்றேன்.

பழைய வர்ணத்தின்மீது யந்திரத்தை வைப்பதில்லை, இது முதலாவது. உறுதியாக ஒட்டியிருக்கும் வர்ணத்தை விட்டு, அதன்மேல் புதியதைப் பூசிவிடுவதே மேல். அகற்றித்தான் ஆகவேண்டுமானால் நனைத்துத் தேய்க்கவேண்டும். நனைத்துத் தேய்க்கும் அரத்தாள் 1921இல் அமெரிக்காவின் 3எம் கம்பெனியால் சந்தைக்கு வந்தது. மோட்டார் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டும் தொழிற்சாலைகளிலே தூளை அடக்கியதனாலேயே அது புகழ்பெற்றது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் கண்ட வழியை நான் கடையிலே கேட்கக்கூட இல்லை. கூரைக்குப் போடும் அஸ்பெஸ்ரஸ் தகட்டை எந்த யந்திரத்தாலும் தேய்க்கலாகாது என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காற்றும் உடையும். சோளகத்திலே ஓரிடம், வாடையிலே வேறிடம். வீடு எப்போதும் காற்று வரும் பக்கத்தில் இருக்கவேண்டும். சாரமும் தோளிற் துவாயும் கொட்டிலுக்கு வெளியே. பட்டி ஓடும் சாண்டர் தொங்கும் துணியை ஒரு நொடியில் உள்ளே இழுத்துவிடும். துவாய் மூக்குக்கும் காவலன்று. கொரோனாக் காலத்திலே எல்லோரும் பெயரறிந்த என் 95 முகக்கவசம், அல்லது எப்.எப்.பி. 2 என்று குறித்தது வேண்டும். அதன் இரண்டு பட்டிகளும் தலையைச் சுற்றி இறுகவேண்டும். தாடியின் மேல் அணிந்தால் ஓரத்தால் தூள் புகும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, காதுக்கு அடைப்பான். 85 டெசிபெல் ஓசையை எட்டு மணித்தியாலம் கேட்கலாம் என்பது கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 94 ஆனால் ஒரே மணித்தியாலம்.

மூன்றாவது, மின்சாரம். வீட்டு மின்னழுத்தம் 230 வோற்று. 30 மில்லியம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கவேண்டும். அதன் பரிசோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்க்கவேண்டும். வயரை வேலைக்குக் குறுக்கே விடாமல் தோளுக்குப் பின்னால் கொண்டுவருவேன். தாளை மாற்றும்போது ஆளியை நிறுத்துவது போதாது. பிளக்கையே கழற்றி, கண்ணுக்குத் தெரியுமிடத்தில் வைக்கிறேன். நனைத்துத் தேய்க்கும் வேலைக்கு எப்போதும் கைதான். ஈரமும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடலாகாது.

நாலாவது, வேலை முறை. மரத்தை முதலில் இறுக்கிப் பிடிக்கவேண்டும். பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கவேண்டும். ஆணியில் பிறக்கும் பொறி தூட்பையிலே சென்று புகைந்துகொண்டிருக்கும். வட்டச் சாண்டரை மரத்தில் வைத்த பின் முடுக்கலாம். பட்டிச் சாண்டரை ஓடவிட்ட பின், இரு கைகளாலும் பிடித்து மெல்ல இறக்கவேண்டும். இரண்டையும் அழுத்தக்கூடாது, யந்திரத்தின் பாரமே போதும். ஓரிடத்தில் நிறுத்தினால் குழி விழும். 80, 120, 180 என்று தாளின் இலக்கத்தைப் படிப்படியாக ஏற்றவேண்டும்; படி தாண்டினால் கீறல் மறையாது. நிறுத்திய பின் தட்டு அசைவற்று நின்றதைக் கண்டே கீழே வைக்கவேண்டும். அன்றைய தூளை அன்றே பையிலிருந்து கொட்டிவிடவேண்டும். வார்னிஷ், எண்ணெய் கலந்த தூளும், எண்ணெய் துடைத்த துணியும் குவிந்து கிடந்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றும்.

கடைசியாக, நான் மிக முக்கியமாகக் கருதுவது. யந்திரத்துக்கு நானே ஓர் அலுப்பைக் கற்பித்தேன். சமையலறை மணிக்கூட்டைப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துவிடுகிறேன். மணியடித்ததும் வேலை எந்த நிலையில் இருந்தாலும் ஆளி நிற்கும். முகக்கவசத்தைக் கழற்றாமலே வெளியே வந்து, கையை நீட்டிப் பார்ப்பேன். மரத்தைத் தடவிப் பார்ப்பேன். வீட்டுப் பக்கம் யார் நிற்கிறார்கள், காற்று எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்ப்பேன். தச்சரின் தேத்தண்ணி நேரம் அது. வேலை முடிந்தால் தும்புத்தடியால் கூட்டுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறேன். உடுப்பைத் தனியே போட்டு, கிணற்றடியில் முழுகிய பின்னரே வீட்டுக்குள் கால்வைக்கிறேன், குழந்தையைத் தூக்குகிறேன்.

இப்படியாகப் பெட்டகம் முடிந்தது. முன்பக்கத்துப் பச்சையை நானும் தச்சரும் நிலத்திலே பிளாஸ்ரிக் விரிப்பை விரித்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கையாலேயே அகற்றினோம். வர்ணம் முற்றாக நீங்கி மரம் உலர்ந்த பிறகே, வெறும் மரத்தின்மேல் யந்திரம் ஏறியது. அவர் சொன்னபடி மூன்று கிழமை சரியாகச் சென்றது. யந்திரம் மிச்சம் பிடித்துத் தந்ததெல்லாம் கடைசி இரண்டு நாள் வேலையை மாத்திரம். "இதுக்குத்தான் மெசின்" என்றார் அவர், மூடியைத் தடவிக்கொண்டு.

பின்பக்கத்துக்கு வந்தபோது, அங்கே வர்ணம் உடையாமல் உறுதியாக இருந்தது. வெயில் படாத பக்கம். தூரிகை சென்ற கோடுகள் அப்படியே தெரிந்தன. ஓரிடத்திலே வர்ணம் கூடி வழிந்து, துளியாகி, காய்ந்து நின்றது. என் தந்தையார் அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறார். அவருக்கும் கை உளைந்திருக்கும். நான் ஒரு நாழிகை அதன்முன் நின்றேன். உறுதியான வர்ணத்தை விட்டுவிடுவதே சட்டம் என்று தச்சரிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறொன்றும் கேளாமல் தாளைக் கீழே வைத்தார். அதன்மேல் நிறமற்ற வார்னிஷை இரண்டு தடவை பூசி, அந்தப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டோம்.

சென்ற நவராத்திரியிலே புத்தகங்களோடும் தச்சுக் கருவிகளோடும் அந்த யந்திரத்தையும் கும்பத்தின் முன் வைத்தோம். அருகிலே முகக்கவசத்தையும் வைத்தேன். மூத்தவன் சிரித்தான். கருவிக்குப் பூசை உண்டென்றால் காவலுக்கும் உண்டு என்றேன்.

கடைக்குட்டிக்கு இப்போது மூன்று வயது. சாப்பிட உட்காருமுன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என்னிடம் காட்டுவது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. "அப்பா, பச்சை இல்லை" என்பாள். எதற்காக அப்படிச் சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. நான் குனிந்து, இரண்டு கைகளையும் நன்றாகப் பார்த்த பின்னரே என் சோற்றில் கை வைக்கிறேன்.